கடிகாரம் சொல்லாத இரண்டரை மணி

தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும் என்பது நாம் நாள்தோறும் கற்பிக்கும் கணக்கு. ஆனால், எந்தத் தூரம், எவ்வூர் நேரம் என்று கேளாமல் வகுத்தால் விடை பிழைபட்டுவிடும். கோலாலம்பூர் - சென்னை விமானப் பயணமே இதற்குத் தக்க சான்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தேன். பயணச் சீட்டொன்றில் கண்ட நேரங்களை அப்படியே எடுத்து எழுதினேன். செப்பாங்கில் காலை 9 மணிக்குப் புறப்படும் விமானம் சென்னை மீனம்பாக்கத்தைக் காலை 10.30க்கு அடைகிறது, பயண நேரம் என்ன? வகுப்பு முழுவதும் ஒன்றரை மணி என்று எழுதிற்று. ஒரு மாணவி மட்டும் நான்கு மணி என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அதை அடித்துவிட்டேன். "அத்தையோடு போனபோது சாப்பிட்டுத் தூங்கி எழுந்தும் ஊர் வரவில்லையே, ஐயா" என்றாள் அவள்.

அன்று மாலை விடையைச் சோதித்தேன். இரு நிலையங்களுக்கும் இடையே நேர்த்தூரம் ஏறத்தாழ 2,630 கிலோமீட்டர். இதை ஒன்றரையால் வகுத்தால் மணிக்கு 1,750 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. தரைமட்டத்தில் ஒலியின் வேகமே மணிக்கு ஏறத்தாழ 1,225 கிலோமீட்டர்தான். ஒலியை முந்திச் செல்லும் பயணி விமானம் இவ்வழியில் பறப்பதில்லை. பிழை மாணவியுடையதன்று, என்னுடையதே.

காரணம் யாது? பூமி ஒரு மணியில் 15 பாகை சுழல்கிறது. இந்தியக் கடிகாரம் கிழக்கு 82½ பாகைக் கோட்டையும், மலேசியக் கடிகாரம் 120 பாகைக் கோட்டையும் தழுவி ஓடுகின்றன. இடைவெளி 37½ பாகை. அதாவது இரண்டரை மணி. தீபகற்ப மலேசியா 1982 சனவரி முதல் நாள் தன் நேரத்தை அரைமணி முன்தள்ளியது. அதற்கு முன் வேறுபாடு இரண்டு மணியே. ஆகவே மேற்கே போகும்போது இரண்டரை மணியைக் கூட்ட வேண்டும். திரும்புகையில் கழிக்க வேண்டும். சென்னையில் 11.30க்குப் புறப்பட்டு மாலை 6 மணிக்கு இங்கு இறங்கினால், பயணம் ஆறரை மணியன்று, நான்கு மணியே.

தூரத்தையும் பிள்ளைகளே அளக்கலாம். பூகோள உருண்டையில் இரு நகரங்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்து, அதே நூலை நடுக்கோட்டின்மேல் வைத்துப் பாகைகளை எண்ணச் சொல்லுங்கள். ஏறத்தாழ 23⅔ பாகை வரும். பாகைக்கு 60 கடல் மைல். ஆக 1,420 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெருக்கினால் 2,630 கிலோமீட்டர் கிடைக்கும்.

உயரத்தில் விமானம் மணிக்குச் சுமார் 840 கிலோமீட்டர் செல்லும். அவ்வேகத்தில் இத்தூரத்துக்கு மூன்று மணிக்குச் சற்றே கூடுதலாகும். மீதி நேரம் எங்கே போயிற்று? ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வதிலும், ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவதிலும், நேர்கோட்டை விட்டு வகுத்த வான்வழியில் செல்வதிலும் கழிகிறது. எதிர்க்காற்று மேலும் தாமதப்படுத்தும், பின்காற்று விரைவுபடுத்தும்.

மறுநாள் வகுப்பின் முன்னிலையில் அம்மாணவியின் ஏட்டைத் திருத்திக் கொடுத்தேன். அன்று முதல் இத்தகைய கணக்குகளில் ஒவ்வொரு நேரத்தின் பக்கத்திலும் ஊரின் பெயரையும் எழுதி வருகிறேன். ஆசிரிய நண்பர்களும் அவ்வாறே செய்வது நலம்.