கீரைப்பாத்தியும் பூச்சிகளும்

கொல்லையில் நான்கடி நிலமேனும் வாய்த்தவர்கள் முதன்முதலில் விதைப்பது பெரும்பாலும் முளைக்கீரையோ சிறுகீரையோதான். விதைத்த நான்கு வாரங்களுக்குள் பறித்துச் சமைத்துவிடலாம் என்னும் அதன் அற்பாயுளே, பூச்சிகளை எதிர்க்கும் விஷயத்தில் நமக்கு ஒரு நிபந்தனையையும் விதித்துவிடுகிறது. வெண்டையிலும் கத்தரியிலும் நாம் காயை மட்டும் உண்கிறோம். கீரையிலோ மருந்து விழுகிற இலையே ஆகாரம், விழுந்த விஷம் கழிவதற்கோ அவகாசமில்லை. ஆகையால், ரசாயன மருந்து எதையும் வீட்டுக் கீரைப்பாத்திக்குள் அனுமதிக்கலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

முளைக்கீரைக்கும் தண்டுக்கீரைக்கும் பிரதான சத்துரு, இலைகளை மெல்லிய நூலால் பிணைத்து, அதனுள் மறைந்திருந்து பச்சையத்தைச் சுரண்டித் தின்று நரம்பை மட்டும் மிச்சம் வைக்கும் பச்சைப் புழு. மடிந்த இலையை விரலால் பிரித்தால் புழுவும் அதன் கருநிற எச்சமும் வெளிப்படும்; அப்போதே கிள்ளி எடுத்துவிடுவதைக் காட்டிலும் நிச்சயமான உபாயம் வேறில்லை. இந்தப் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாவதால், ஒரு பறிப்பு முடிந்ததும் பாத்தியைக் கொத்தி வெயிலில் காயவிட்டு, அடுத்தபடி வெந்தயத்தையோ கொத்தமல்லியையோ விதைப்பது அனுகூலம். இலையின் அடிப்பக்கத்தில் பழுப்பு நிற ரோமம் போர்த்திய திட்டு தென்பட்டால், அது ஸ்போடாப்டீரா அந்துப்பூச்சியின் முட்டைக் குவியல். அந்த ஓர் இலையைக் கிள்ளி எறிந்தால் நூற்றுக்கணக்கான புழுக்கள் பிறவாமலே ஒழியும்.

அகத்தியின் கொழுந்தில் அடை அடையாக அப்பும் அசுவினியைத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியே உதிர்த்துவிடலாம். அதனிடையே கருநிறத்தில், முதலைக் குட்டியின் சாயலில் ஊர்கின்ற சிறு பிராணியைக் கண்டு அஞ்சி நசுக்கிவிடுவோர் அநேகர். அது அசுவினியையே தின்று வளர்கிற பொறிவண்டின் குஞ்சு, நமக்குப் பரம மித்திரன். மணத்தக்காளியில் அமர்கிற புள்ளி வண்டோ முற்றிலும் வேறு ஜாதி: மித்திரனின் முதுகு மெருகிட்டதாய்ப் பளபளக்கும், இலை தின்னும் இதன் முதுகு நுண்ணிய ரோமத்தால் மங்கி, இருபத்தெட்டுப் புள்ளிகளைத் தாங்கியிருக்கும், இதன் புழு மஞ்சளாய், உடலெங்கும் முள்ளாய் இருக்கும். இந்த பேதத்தை அறியாமல் எந்த மருந்தைத் தெளித்தாலும் நண்பனும் சேர்ந்தே மடிவான்.

கையால் அடங்காதபோது வேப்பங்கொட்டைச் சாற்றை நாடலாம். வெட்டுக்கிளிக் கூட்டம் இச்சாறு தெளித்த பயிரைத் தின்னாமல் விலகுவதை, டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் பிரதான் முதலிய விஞ்ஞானிகள் 1962இலேயே எடுத்துக்காட்டினார்கள். அதிலுள்ள அசாடிராக்டின் என்னும் பதார்த்தம் பூச்சியின் உணவு வேட்கையைக் கெடுப்பதோடு, புழு தோலுரித்து வளர்வதையும் தடைசெய்கிறது. 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சிறிது காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி மாலையிலே தெளிக்க வேண்டும். வெயிலில் அதன் வீரியம் சீக்கிரமே குன்றிவிடும். பறிப்பதற்கு ஒரு வாரம் முன்பே தெளிப்பதை நிறுத்திவிடுங்கள். சிற்சில துளைகள் விழுந்த இலையை உப்பு நீரில் அலசிச் சமைப்பதில் யாதொரு தோஷமும் இல்லை.