மூன்று ஊர்களுக்கு ஒரே சுகாதாரக் குழு

தம் ஊர்த் தெருக்கள் தூய்மையாக இருந்தால் போதும் என்று எண்ணுகிற ஊராட்சிகள் பல. ஆனால் நோய்க்கு ஊர் எல்லை தெரியாது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் 400 மீட்டருக்குள்ளேயே பறந்து திரிவது. ஆயினும் காய்ச்சல் கண்டவர் சந்தைக்கும் உறவினர் வீட்டுக்கும் செல்கிறார். அங்குள்ள கொசு அவரிடமிருந்து நோயைப் பெற்றுப் பிறருக்குப் பரப்புகிறது. ஆகவே அண்டை ஊர்கள் கூடிச் செய்யவேண்டிய பணி இது.

கூடிச் செய்தல் நமக்குப் புதிதன்று. சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம், 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது நெறி. கிராம சுகாதாரச் செவிலியர் பல சிற்றூர்களுக்குப் பொதுவாகவே பணியாற்றுகிறார். ஊராட்சிகள் பொதுக் காரியங்களுக்குக் கூட்டுக் குழு அமைத்துக்கொள்ள 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் இடமளிக்கிறது.

கொசுப்புழு ஒழிப்பை எடுத்துக்கொள்வோம். முட்டையிலிருந்து கொசு வெளிவர ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். எனவே ஒவ்வொரு வீட்டின் தொட்டி, குடம், உரல், பழைய டயர் ஆகியவற்றை வாரம் ஒரு முறை பார்த்தாக வேண்டும். ஓர் ஊழியர் நாளொன்றுக்கு 60 வீடுகள் வீதம், வாரத்தில் ஆறு நாட்களில் 360 வீடுகளைப் பார்ப்பதாகக் கொள்வோம்.

உதாரணமாக, மூன்று ஊராட்சிகளில் முறையே 900, 600, 300 வீடுகள் இருப்பின், தனித்தனியே முறையே 3, 2, 1 என ஆறு ஊழியர் தேவை. சிற்றூரின் ஒரே ஊழியர் நோயுற்றால் அங்கே வேலை நின்றுவிடும். மூன்றும் சேர்ந்தாலோ 1,800 வீடுகளுக்கு ஐவரே போதும். ஆறாமவர் விடுப்பில் செல்வோருக்கு ஈடு செய்வதோடு, வேலையை மேற்பார்வையும் இடலாம்.

செலவைப் பங்கிடுவது எப்படி? ஊதியம் மாதம் 10,000 ரூபாய் எனக் கொண்டால், அறுவருக்கு ஆண்டுச் செலவு 7,20,000 ரூபாய். இதைச் சமமாகப் பிரித்தால் 300 வீடுகள் உள்ள ஊர் 2,40,000 ரூபாய் தரவேண்டிவரும், அது நியாயமன்று. வீட்டுக் கணக்குப்படி பிரித்தால் 3,60,000, 2,40,000, 1,20,000 என அமையும். தனித்தனியே நடத்தினாலும் ஆகும் ஊதியச் செலவு இதுவேயாம். ஒரு பைசாவும் கூடாமல் வேலை மட்டும் உறுதிப்படுகிறது. மருந்து, கருவிச் செலவுகளையும் இதே விகிதத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

இத்தகைய ஏற்பாடு குலைவதற்குப் பெருங்காரணம் பங்குத்தொகை தாமதமாவதே. ஓர் ஊர் பணம் செலுத்தாவிடில் ஊதியம் நிற்கும். ஊதியம் நின்றால் மூன்று ஊர்களிலும் பணி நிற்கும். ஆதலால் ஒவ்வொரு காலாண்டுக்கும் உரிய பங்கை முன்கூட்டியே பொதுக் கணக்கில் செலுத்துவதெனத் தீர்மானம் எழுதிக்கொள்ள வேண்டும். எந்த நாளில் எந்தத் தெரு என்னும் முறையைச் சுகாதார ஆய்வாளரைக் கலந்து வகுக்க வேண்டும். வரவு செலவை மூன்று ஊர்க் கிராம சபைகளிலும் படித்துக் காட்ட வேண்டும்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பதை நாம் அறிவோம். வரும் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தை எழுதுமுன் அண்டை ஊராட்சியினரோடு கலந்து பேசி, மழைக்காலம் தொடங்குவதற்குள் இவ்வேற்பாட்டைச் செய்துகொள்வோமாக.