வெள்ளையடித்த சுவரும் தரகரின் வாக்கும்

புத்தளம் களப்புக்கும் கடலுக்கும் இடையே நீளும் கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பாங்கான கரையூர்களுள் ஒன்றான மாம்புரியில், வீட்டுச் சுவரில் பூஞ்சணம் படர்வது வியப்புக்குரியதன்று. கடற்காற்றின் உப்பு சுவரில் தங்கி ஈரத்தை ஈர்க்கிறது. நிலத்து நீர் ஏறாதிருக்க அத்திவாரத்தின் மேல் இடவேண்டிய ஈரத்தடைப் படை இல்லாத சீமெந்துக்கல் சுவர், நுண்துளைகளின் வழியே அந்நீரை உறிஞ்சுகிறது. ஒக்டோபரில் தொடங்கும் மழை எஞ்சியதைச் செய்து முடிக்கிறது. பூஞ்சணமும் ஈரலிப்பும் உள்ள வீடுகளில் ஆஸ்துமா உள்ளிட்ட மூச்சுத் தொல்லைகள் கூடுதலாகக் காணப்படுவதை உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டி எடுத்துரைத்ததுடன், இந்த அளவுவரை தீங்கில்லை என்று எந்த எல்லையையும் அது வகுக்கவில்லை.

இலங்கையில் காணி, வீடு விற்பனையில் குறைகளுக்கான பொறுப்பை ஆளும் உரோம-டச்சுச் சட்டம், குறைகளை இரண்டாகப் பிரிக்கிறது. நியாயமான கவனத்துடன் பார்ப்பவர் கண்ணில் படக்கூடியது வெளிப்படைக் குறை. அதன் சுமை பொதுவாக வாங்குபவருடையதே. அவ்வாறு பார்த்தும் புலப்படாமல், விற்பனையின்போதே இருந்தது மறைகுறை. அதற்காக விலைக்குறைப்பையோ, குறை பெரிதாயின் விற்பனையை முறித்துப் பணத்தையோ கோரலாம். "உள்ளது உள்ளபடி" விற்பதாக உறுதியில் ஒரு வாசகம் இருந்தால் இவ்வுரிமை சுருங்கும். ஆயினும் குறையை அறிந்தே ஏமாற்றும் நோக்கில் மறைத்த விற்பனையாளரை அவ்வாசகம் காக்காது. ஆகவே, கறுத்த சுவருக்கு விற்பனைக்குச் சற்று முன் பூசப்பட்ட வெள்ளை, வழக்கில் அழகு சார்ந்த விடயமாக இராமல் சாட்சியமாகவே மாறுகிறது: எப்போது, யார் சொல்லி, எதன்மேல் பூசப்பட்டது என்பதே வினா.

தரகரின் நிலை இதனினும் வழுக்கலானது. அவர் விற்பனை ஒப்பந்தத்தின் தரப்பினர் அல்லர்; விற்பனை நிறைவேறினால்தான் தரகுப்பணம் என்பதால், குறையைத் தேடித் தருவது அவருக்கு இலாபமும் அன்று. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மனைவணிகச் சட்டம், பதிவுக்குரிய திட்டங்களில் விற்பனைக்கு உதவும் முகவர்கள் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது. கற்பிட்டிப் பக்கத்திலோ தரகர் என்பவர் பெரும்பாலும் ஊரறிந்த ஒருவர், அவ்வளவே. "மழைக்கு ஒரு சொட்டும் ஒழுகாது" என்ற அவருடைய வாய்மொழியை மறுநாள் நிறுவுவது கடினம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை மட்டுமன்றி விற்பதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். வெறுந்தாளில் எழுதிய முற்பணச் சீட்டைக் காட்டி வீட்டை எழுதித் தருமாறு வற்புறுத்த முடியாது. ஈரம், கூரை ஒழுக்கு, அண்மைய பூச்சு ஆகியவை பற்றிய விற்பனையாளரின் விடைகளை அவ்வுடன்படிக்கையிலேயே சேர்த்தெழுதக் கேட்பது வாங்குபவரின் உரிமை. அதற்குத் தயங்கும் விற்பனையாளர், தயக்கத்தாலேயே ஒரு விடையைத் தந்துவிடுகிறார்.

வெளிநாட்டிலிருந்து வாங்குவோர் தரகருக்கே அற்றோணித் தத்துவம் கொடுத்துவிடுவது மிக ஆபத்தான வழக்கம். காணொளியில் வாடை தெரியாது. மேலும் முகவர் கண்டறிந்த குறை வாங்குபவருக்கும் தெரிந்ததாகவே கருதப்படக்கூடும். நம்பிக்கையான உறவினர் ஒருவர், மழை பெய்த மறுநாள், அலுமாரிகளை நகர்த்திச் சுவரடியைப் பார்ப்பதே மேல்.

குடிபுகுந்த பின் பூஞ்சணம் வெளிப்பட்டால், சுரண்டுவதற்கு முன் திகதியுடன் படமெடுத்து, பொறியியலாளரின் எழுத்து அறிக்கையைப் பெற்று, சட்டத்தரணி வழியாக விற்பனையாளருக்குத் தாமதமின்றி அறிவித்தல் வேண்டும். தரகரே தெரிந்து பொய் சொல்லியிருந்தால் அவர்மீதும் தனியே நட்டஈடு கோரலாம். அத்தகைய தீங்கியல் கோரிக்கைக்குக் காலவதிச் சட்டம் 2 ஆண்டுகளையே தருகிறது. சிறு தொகைப் பிணக்குகள் முதலில் மத்தியஸ்த சபைக்கும், ஏனையவை மாவட்ட நீதிமன்றத்துக்கும் செல்லும்.