பந்துக்கு முன்னால் பிஸ்கட்! முரளியைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

தம்புள்ளை குளத்தைப் பார்த்தபடி இருக்கும் ரங்கிரி கிரிக்கெட் மைதானத்தை வெறும் 167 நாட்களில் கட்டி முடித்தார்கள், தெரியுமா? அங்கே பந்தைச் சுழற்றி உலக அணிகளைத் திணறடித்த ஒருவர் இன்று ஆலை முதலாளி! அங்கிருந்து ஏ9 வீதியில் மாத்தளையைத் தாண்டிப் போனால் வரும் கண்டியில் 1972இல் பிறந்த இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன்தான் அவர்.

ஆட்டக்காரர் ஆலை முதலாளியாவது புதிதல்ல. இத்தாலியில் செர்ஜியோ தக்கீனி என்றொரு டென்னிஸ் வீரர் இருந்தார். 1966இல் ஆடை நிறுவனம் தொடங்கி, வெள்ளையைத் தவிர வேறு நிறம் பார்க்காத டென்னிஸ் மைதானத்துக்கு வண்ணம் கொண்டுவந்தார். அவர் ஆட்டத்திலிருந்து ஆலைக்குப் போனவர். நம் முரளியோ ஆலையிலிருந்து ஆட்டத்துக்கு வந்து, மறுபடி ஆலைக்கே போனவர்!

முரளியின் தாத்தா பெரியசாமி சின்னசாமி 1920இல் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தார். பிற்காலத்தில் திருச்சிக்கே திரும்பிவிட்டார். அப்பா முத்தையா இங்கேயே தங்கி பிஸ்கட் தொழில் தொடங்கினார். தமிழருக்கு எதிரான 1977 கலவரத்தில் தொழிற்சாலையைக் கொளுத்தினார்கள். அவரையும் வெட்டினார்கள். அப்படியும் அவர் தொழிலை விடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய அதிசயம்.

முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுசாக நீளாது, தெரியுமா? 'பந்தை வீசாமல் எறிகிறார்' என்று உலகமே கூச்சல் போட்டபோது, 2004இல் எஃகுக் கம்பி வைத்த கட்டு ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு, கை மடங்கவே வழியில்லாமல், கேமராவுக்கு முன்னால் எதிர்ப்பக்கம் திரும்பும் 'தூஸ்ரா' பந்துவரை வீசிக் காட்டினார். பந்து அப்போதும் அப்படியே திரும்பியது!

இன்னொன்று கேளுங்கள். 2010 ஜூலை, காலி நகர மைதானம். 792 விக்கெட்டோடு நிற்கும்போதே 'இதுதான் என் கடைசி டெஸ்ட்' என்று அறிவித்துவிட்டார். எட்டு விக்கெட் வேண்டும். ஏழு விழுந்துவிட்டது. எட்டாவதோ வருவேனா என்கிறது! கடைசியில் இந்திய வீரர் ஓஜாவின் மட்டையில் பட்ட பந்தை ஸ்லிப்பில் சக வீரர் மஹேல பிடித்தார். 800! டெஸ்டில் அவர் வீசிய கடைசிப் பந்தும் அதுவே!

இப்போது? கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், பதனகுப்பேயில், 46 ஏக்கரில் குளிர்பான, இனிப்புப்பண்டத் தொழிற்சாலை. முதலில் 230 கோடி என்று பேசப்பட்ட முதலீடு, படிப்படியாக 1,400 கோடி இந்திய ரூபாயை எட்டும் என்று 2024இல் அந்த மாநிலத் தொழில்துறை அமைச்சரே அறிவித்தார். நிறுவனத்தின் பெயர் என்ன தெரியுமா? முத்தையா பெவரேஜஸ் அண்ட் கன்ஃபெக்‌ஷனரி!