கோணல் வரவேற்பறையில் வீட்டுத் திரையரங்கு

வீடு கிடைத்து, கட்டில், மேசை, கதிரை எல்லாம் வந்து சேர்ந்த பின்னர் எம்மவர் பலரும் வாங்க விரும்புவது பெரியதொரு தொலைக்காட்சியும் நல்ல ஒலிபெருக்கிகளும்தான். பெட்டியைப் பிரித்ததும் சிக்கல் தொடங்கும். கையேட்டிலுள்ள அறை நீள்சதுரமானது, நாற்புறமும் இடமுள்ளது. எமது வரவேற்பறையிலோ ஒரு பக்கம் யன்னலும் வெப்பமூட்டியும், மறுபக்கம் சமையலறைக்குத் திறந்த வழியும் இருக்கும். சோபா பின்சுவரோடு ஒட்டியிருக்கும். இதற்காக மனம் சலிக்கத் தேவையில்லை. எது முக்கியம், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று அறிந்தால் போதும்.

'5.1' என்றால் முன்னே மூன்று, பக்கங்களில் இரண்டு, அவற்றோடு தாழ்ந்த ஒலிகளுக்கான சப்வூபர் ஒன்று.

நடு ஒலிபெருக்கி

படத்தின் பேச்சு பெரும்பாலும் இதிலிருந்தே வருகிறது. தொலைக்காட்சிக்கு நேர் கீழே வைத்து, முகப்பைக் காதுகளை நோக்கிச் சற்று நிமிர்த்துங்கள். தட்டுக்குள் வைப்பதானால் தட்டின் விளிம்புவரை முன்னே இழுத்து விடுங்கள். "என்ன கதைக்கினம் எண்டு விளங்கேல்லை" என்று அம்மம்மா சொன்னால் முழுச் சத்தத்தையும் கூட்டாதீர்கள். றிசீவரில் நடு ஒலிபெருக்கியை மட்டும் 2 அல்லது 3 டெசிபெல் உயர்த்துங்கள்.

இடமும் வலமும்

சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே 2½ மீற்றர் தூரமானால், இவ்விரண்டுக்கும் நடுவே 2 முதல் 2.8 மீற்றர் வரை இடைவெளி இருக்கலாம். வெப்பமூட்டியோடு ஒட்டி வைக்கவேண்டாம். ஒன்று கிட்டவும் மற்றது எட்டவும் அமைந்தால், சோபாவிலிருந்து ஒவ்வொன்றின் தூரத்தையும் நாடாவால் அளந்து றிசீவரில் பதியுங்கள். ஒலி 34 சென்ரிமீற்றர் செல்ல ஏறக்குறைய ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு எடுக்கும். கிட்ட உள்ளதை அந்தளவு தாமதித்து றிசீவர் சமப்படுத்தும். வயரைப் பூட்டும்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒன்றில் மாறினாலும் தாழ்ந்த ஒலி மெலிந்து போகும்.

பக்க ஒலிபெருக்கிகள்

சோபாவின் இரு பக்கமும், காது மட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள். சுவரில்லாத பக்கத்தில் புத்தக அலுமாரியோ நிலைக்காலோ உதவும். சுவரில் துளையிடுமுன் வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள், முற்பணத்தில் கழிக்கக்கூடும். நடைபாதைக்குக் குறுக்கே வயர் இழுத்தால் பிள்ளைகளும் முதியவர்களும் தடக்கி விழுவார்கள். வேறு வழியில்லையென்றால் பக்க ஒலிபெருக்கிகளை விட்டுவிட்டு, அவை இல்லை என்று றிசீவரில் பதியுங்கள். அவற்றின் ஒலி முன்னாலுள்ளவற்றில் கலந்து வரும். பணம் அளவாக இருப்பவர்கள் முன் மூன்றை மட்டும் முதலில் வாங்கினாலும் குறைவில்லை.

சப்வூபரும் அயலவரும்

80 ஹேர்ட்சுக்குக் கீழான ஒலி எங்கிருந்து வருகிறது என்று காது இலகுவில் பிரித்தறியாது. ஆகையால் இதற்கு இடம் தேடுவது சுலபம். சப்வூபரைத் தற்காலிகமாக நீங்கள் இருக்கும் இடத்தில் வைத்து, மேளம் அதிகமுள்ள பாட்டொன்றைப் போடுங்கள். சுவரோரமாகத் தவழ்ந்து செல்லுங்கள். எங்கே மேளம் தெளிவாகக் கேட்கிறதோ அங்கேயே அதை வையுங்கள். மூலையில் சத்தம் கூடும், ஆனால் குமுறும்.

தாழ்ந்த ஒலி சுவரையும் தளத்தையும் இலகுவில் கடந்து செல்லும். உங்களுக்கு மெல்லிய அதிர்வு, கீழ்வீட்டாருக்கு அது இடி. அடியில் இறப்பர் விரிப்பு ஓரளவு உதவுமேயன்றி முழுதாகத் தடுக்காது. ஜேர்மனியில் பொதுவாக இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி நேரம். ஏனைய நாட்டவர்கள் தங்கள் குடியிருப்பின் விதியைக் கேட்டறியுங்கள். ஒரு படத்துக்காக வீட்டுச் சொந்தக்காரரிடம் முறைப்பாடு போகவேண்டுமா?

பல றிசீவர்களில் 'இரவு முறை' உண்டு. அது பெரிய சத்தத்தைத் தணித்து, மெல்லிய பேச்சை உயர்த்தும். அயலவருக்காக மட்டுமல்ல, ஷெல்லும் குண்டும் விழுந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் எம் வீடுகளில் இருக்கிறார்கள். திரையில் திடீரென வெடிக்கும் சத்தம் அவர்களுக்கு வெறும் படமல்ல. அவர்கள் கூட இருக்கும்போது பகலிலும் இம்முறையைப் போடுங்கள், சப்வூபரைக் குறையுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு கதிரையிலும் இருந்து கேட்டுப் பாருங்கள். நடுவில் இருப்பவருக்கு மட்டும் நன்றாகக் கேட்பதைவிட, ஓரத்தில் இருக்கும் அம்மம்மாவுக்கும் பேச்சு விளங்குவதே நல்ல அமைப்பு.