ஓடையின் நலத்தைப் பூச்சிகளிடம் ஏன் கேட்கிறார்கள்?

தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரல்ல. ஒரு பாட்டில் நீரைச் சோதித்தால் அந்த நேரத்து நிலைமைதான் தெரியும். இரவில் திறந்துவிட்ட கழிவு விடிவதற்குள் அடித்துக்கொண்டு போயிருக்கும். ஆனால் கல்லடியில் வாழும் இளம்பூச்சிகள் மாதக்கணக்கில் அதே நீரில் கிடப்பவை. வந்துபோன கேடும் அவற்றில் பதிவாகும். மேஃபிளை என்ற பூச்சியின் இளம்பருவத்துக்கு வயிற்றின் இருபுறமும் மெல்லிய செவுள்கள் உண்டு. அதன் பல இனங்கள் ஆக்சிஜன் குறைந்தால் தாங்காது. ஹீமோகுளோபினால் சிவந்த கொசு போன்ற சிறு ஈக்களின் புழுக்களோ சாக்கடையிலும் பிழைக்கும். பிரிட்டனில் 3 நிமிடம் ஓடைப் படுகையைக் காலால் கிளறி, வலையில் சிக்கும் உயிரினக் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் தரும் முறை இந்த வேறுபாட்டை வைத்தே உருவானது.

வெள்ளம் வந்தாலும் பூச்சிகள் குறையுமே என்று கேட்கலாம். நியாயம்தான். அதனால்தான் மாசுபடாத, அதே தன்மையுள்ள ஓடையோடு ஒப்பிடுகிறார்கள். மொத்த மதிப்பெண்ணோடு ஒரு குடும்பத்துக்கான சராசரியையும் பார்க்கிறார்கள். எந்த நஞ்சு கலந்தது என்பதைப் பூச்சி சொல்லாது. அதற்கு வேதிச் சோதனைதான் வேண்டும். ஆனால் எந்த ஓடையைச் சோதிக்க வேண்டும் என்பதைப் பூச்சிகளே முதலில் காட்டிக்கொடுக்கும்.