வேகங்கூட்டிய சங்கிலி வாள்

மரம் அறுக்கும் சங்கிலி வாளுக்கு வேகங்கூட்ட விரும்புவோர் முதலிற் கைவைப்பது புகை வெளியேறும் வாயிலிலேயாம். அதனை அகலமாக்கினால் எஞ்சின் இலகுவாக மூச்சுவிடும்; வலுவும் கூடும். ஆனால் நேயர்களே, ஆபத்தும் அங்கேதான். உட்புகும் காற்று மிகுந்து, பெற்றோலின் விகிதம் குறைகிறது. இவ்வெஞ்சினுக்கு மசகெண்ணெய் தனியே ஊற்றுவதில்லை. பெற்றோலிற் கலந்தே செல்கிறது. கலவை மெலிந்தால் வெப்பம் ஏறி, எண்ணெய் குன்றி, பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும். ஆகவே, காபரேட்டரின் பெற்றோல் திருகைச் சற்றுத் திறந்த பின்னரே வாளை மரத்தில் வைத்தல் வேண்டும்.

இரைச்சலைக் கேட்டு இரு வாள்களை ஒப்பிடுவது வீண். டிம்பர்ஸ்போர்ட்ஸ் போட்டியில் திருத்திய வாள்களுக்குத் தனிப் பிரிவுண்டு. அங்கே கணக்கு, ஒரு மரத்துண்டிலிருந்து மூன்று வட்டுகளை அறுத்து வீழ்த்தும் நொடிகளே. வீட்டிலும் அவ்வாறே: ஒரே மரம், ஒரே நீள அலகு, ஒரே விதமாய்த் தீட்டிய சங்கிலி, பிறகு கடிகாரம். சங்கிலி மழுங்கியிருந்தால், திருத்திய வாளும் நன்கு தீட்டிய சாதாரண வாளிடம் தோற்கும்.